காணப்படாத சபையும் என் கையெழுத்தும்

1

நம் ஊர்ச் சபைப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்பும்படி நீங்கள் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. சோம்பலால் எழுதாமல் இருக்கவில்லை. மைசூருக்கு வந்த இந்த இருபத்தேழு வருஷத்தில் எழுதும்படியாக எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போனேன், மகளை வளர்த்தேன், ஓய்வு பெற்றேன். இந்த வருஷம் லெந்து என்கிற தவக்கால நாட்கள் தொடங்கிய வாரத்தில் ஒரு படிவம் வந்தது. அதிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் போகும் கோயில் கன்னடச் சபையாருடையது. காலை ஒன்பது மணி ஆராதனை அவர்களுக்கு. ஏழு மணி எங்களுக்கு, தமிழில். அவர்களுடைய ஸ்கூட்டர்கள் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்பதற்குள் நாங்கள் ஆசீர்வாதம் வாங்கிக் கிளம்பிவிட வேண்டும். ஆயர் இரண்டு சபைக்கும் ஒருவரே. கன்னடக்காரர். தமிழ்ப் பிரசங்கத்தைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு வாசிப்பார்.

திருமண்டல அலுவலகத்திலிருந்து வந்த அந்தப் படிவத்தில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் கன்னடம். தனி மொழியில் வாராந்தர ஆராதனை நடக்க வேண்டுமானால் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் அங்கத்தினர் ஐம்பது பேராவது இருக்க வேண்டும். ஒரு வருஷமாகத் திருவிருந்துக்கு வராதவர்களை எண்ணக்கூடாது. பட்டியல் உண்மையானது என்று செயலாளர் கையெழுத்திட்டு மூன்று பிரதி அனுப்ப வேண்டும்.

தமிழ்ச் சபையின் செயலாளர் நான்தான். பதிவேட்டில் எண்பத்து மூன்று பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கண்ணில் படுவது முப்பத்து சொச்சம் பேர்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து மூன்று வருஷம் இரத்தம் பார்த்தவள் நான். பார்க்காத சாம்பிளுக்கு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "ஒவ்வொரு பேரையும் நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் எழுதுவேன்" என்றேன். அவர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்தவர், அதிகம் பேசமாட்டார். "செருப்பு நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார்.

2

உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். நம் ஊரில் சபை யார் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மணி அடித்தால் தெருவே எழுந்து போகிறது. இங்கே அப்படி இல்லை. வந்த புதிதில் ஒரு நாள், எங்கள் குருவானவர் வீடு சந்திக்க வருகிறார் என்பதை நம் ஊர் வழக்கப்படி, "இன்னைக்கு ஐயர் வர்றாங்க" என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் தலைமுறை தலைமுறையாக மைசூரில் இருக்கும் ஐயங்கார் குடும்பம். "அப்படியா, என்ன ஹோமம்?" என்று கேட்டுவிட்டு மாவிலை பறித்துக் கொடுத்தனுப்பினார்கள். அதை நான் வாசலில் கட்டவும் முடியாமல், திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், பிரிட்ஜில் வைத்திருந்தேன்.

ஆனால் எண்ணாத ஊரிலும் அடித்து நீக்குவது உண்டு. ராணிச் சித்தியை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார்கள். அப்புறம் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்டுவிட்டுப் போவாள். நானும் அவளைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

படிவம் வந்த அதே வாரம் வேதபாட வகுப்பில் ஆயர் ஒரு பாடம் எடுத்தார். காணப்படும் சபை, காணப்படாத சபை. பெயர், பதிவேடு, மணி, கட்டடம் எல்லாம் உள்ளது காணப்படும் சபை. அதில் நல்ல கதிரும் இருக்கும், களையும் இருக்கும். அறுப்புவரை பிடுங்க வேண்டாம். காணப்படாத சபை என்பது எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் கடவுள் தம்முடையவர்கள் என்று அறிந்திருக்கிற மக்கள். அந்தப் பட்டியல் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் கமிட்டியில் மூத்தவர் செல்வராஜ் அண்ணன். ஆர்மோனியம் வாசிப்பவர். நாற்பது வருஷம் முன்பு இந்தத் தமிழ் ஆராதனையை அலைந்து திரிந்து வாங்கியவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். பாடம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எஸ்தர், கேட்டியா? காணப்படாத சபைன்னு ஒண்ணு இருக்கு. செத்தவங்க, வெளியூர் போனவங்க எல்லாம் அதுல இருக்காங்க. எண்பத்து மூணுன்னே எழுதிரு. பொய் ஆகாது."

"அண்ணே, படிவத்துல கேக்கறது அதைப் பத்தி இல்லையே."

"ஆராதனை போயிரும் பிள்ள. அதை நினைச்சுப் பாரு."

அவர் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் நான் அன்றைக்கு அதற்குமேல் வாதாடவில்லை.

3

மூன்று வாரம் நடந்தேன். பன்னிமண்டபம், யாதவகிரி, உதயகிரி, நஞ்சன்கூடு ரோட்டில் புதிதாக வந்திருக்கும் குடியிருப்புகள். பதினேழு பேர் இறந்துபோயிருந்தார்கள். அவர்களில் நான்கு பேருடைய அடக்க ஆராதனையில் நானே பாடியிருக்கிறேன். இருந்தும் பெயர் அப்படியே இருந்தது. பதினைந்து பேர் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். மெல்போர்னில் இருக்கும் ஒரு பையனைப் போனில் பிடித்தேன். "ஆன்ட்டி, என் பேரு இருக்கட்டும். அங்க ஒரு இடத்துல என் பேரு இருக்குன்னு நினைச்சா நல்லா இருக்கு" என்றான். எடுத்துவிடுவேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "சரி ஆன்ட்டி, நீங்க கரெக்ட்" என்றான்.

உள்ளூரிலேயே இருந்துகொண்டு வேறு ஜெபவீடுகளுக்குப் போகிறவர்கள், எங்குமே போகாதவர்கள் என்று மேலும் பன்னிரண்டு பேர். எல்லாம் கழித்தபின் முப்பத்தொன்பது நின்றது.

அந்த முப்பத்தொன்பதில் ஒரு பெயரை நான் வீடு தேடிப் போகாமலே டிக் செய்திருந்தேன். என் மகள் பெனிட்டா. இருபத்தாறு வயது. இதே மைசூரில்தான் ஒரு கம்பெனியில் வேலை, விஜயநகரில் தோழிகளோடு தனி வீடு. சனிக்கிழமை மதியம் சாப்பிட வருவாள். அவள் கோயிலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் பார்க்காமல் கையெழுத்துப் போடவிருந்த முதல் சாம்பிள். அழித்தேன். முப்பத்தெட்டு.

4

சனிக்கிழமை அவள் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"பெனி, சபைப் பட்டியல்ல இருந்து உன் பேரை எடுத்துட்டேன்."

"ஹௌதா?" என்றாள். அவளுக்கு ஆச்சரியம் எப்போதும் கன்னடத்தில்தான் வரும். பிறகு தட்டை நகர்த்தி வைத்தாள். "என்னைக் கேக்காமலேயா?"

"ஒரு வருஷம் வராதவங்களை எழுதக் கூடாதுன்னு விதி. நீ மூணு வருஷமா வரலையே."

"நான் ஏன் வரலைன்னு நீ ஒரு தடவையாவது கேட்டியா?"

நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டிருக்கிறேன். ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாது, பாட்டுப் புத்தகம் புரியாது, கன்னடச் சிநேகிதர்கள், பெரிய சம்பளம் என்று காரணங்களை நானே அவளுக்காகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஊரிலிருந்து நீங்கள் விசாரித்தபோதெல்லாம் அவற்றைத்தான் உங்களுக்கும் சொன்னேன்.

"இப்ப கேக்கேன். சொல்லு."

"சரசக்காவை நீ கையைப் பிடிச்சு உக்கார வச்சே. எல்லார் முன்னாடியும். நான் பின் வரிசையில நின்னேன். அவங்க முகத்தை நீ பார்க்கலை. நான் பார்த்தேன்."

சரசு யார் என்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு எல்லையோரம் அனூர்ப் பக்கத்தில் தமிழ் பேசும் இந்து விவசாயக் குடும்பம். மைசூரில் அக்ரஹாரம் சர்க்கிள் பக்கம் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாள். ஒன்பது வருஷம் முன்பு அவள் வீட்டுக்காரருக்கு விடாத காய்ச்சல். தினமும் இரத்தம் கொடுக்கவும் ரிப்போர்ட் வாங்கவும் எங்கள் கூடத்து ஜன்னலில் வந்து நிற்பாள். ஒரு நாள் அவளுக்காக ஜெபம் செய்தேன். அவர் பிழைத்தார். அடுத்த ஞாயிறு அவளே வழி விசாரித்துக்கொண்டு கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து விடாமல் வருகிறாள். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. "போறதுக்குப் போ, எங்கம்மா இருக்கற வரைக்கும் முழுக்கு மட்டும் வேண்டாம்" என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டாராம். இவளும் ஒத்துக்கொண்டாள். ஆகவே பதிவேட்டில் அவளுக்கு இடம் கிடையாது.

மூன்று வருஷம் முன்பு, புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் ஆராதனையில் வரிசை வரிசையாக ஆட்களைத் திருவிருந்துக்கு அனுப்பும் பொறுப்பு எனக்கு. கடைசி வரிசை எழுந்தபோது சரசுவும் எழுந்தாள். நான் பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "நீ இரு" என்று உட்கார வைத்தேன். ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்கு அப்பம் கிடையாது என்ற விதியைக் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்தேன். விதி தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். அதைக் கையால் செய்தேனே, அதுதான் தப்பு. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்ற ராணிச் சித்தியைப் பார்த்து வளர்ந்தவள், உள்ளேயே ஒரு சுவரைக் கட்டினேன்.

"அந்த அக்கா அடுத்த வாரமும் வந்தாங்களா?" என்று பெனிட்டா கேட்டாள்.

"ரெண்டு வாரம் வரலை. அப்புறம் வந்தா."

"நான் வரலை. எனக்கு அவ்வளவுதான் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை தையல் கடைக்குப் போனேன். பஸ்ஸில் நான்கு விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. சரசு மிஷினை நிறுத்தி ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். "வாங்கக்கா, உக்காருங்க. அளவு ரவிக்கை கொண்டாந்தீங்களா?"

"ரவிக்கைக்கு வரலை சரசு. அன்னைக்குப் பெரிய வியாழன்ல உன் கையைப் பிடிச்சு உக்கார வச்சேன்ல, அது தப்பு. மன்னிச்சிரு."

அவள் நூல் கண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "மூணு வருசம் ஆயிப்போச்சுங்களேக்கா."

"ஆமா."

"எனக்கு அப்பம் தர மாட்டாங்கன்னு தெரியுமுங்க. எல்லாரும் எந்திரிச்சாங்க, ஒடம்பு தானா எந்திரிச்சிருச்சு. நீங்க வாயில சொல்லியிருந்தா நானே உக்காந்திருப்பேன். கையைப் புடிச்சது மனசுக்குச் சங்கடமாப் போச்சுங்க. ரெண்டு வாரம் வரலாமா வேண்டாமான்னு ரோசனை பண்ணிட்டே இருந்தேன்."

"அப்புறம் எப்படி வந்தே?"

அவள் சிரித்தாள். "உங்களுக்கோசரமாங்க்கா நான் வர்றேன்?"

அப்பம் வாங்க முடியாதவர்கள் கைகட்டி முழங்காலில் நின்றால் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பேன் என்று ஆயர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லி, நானே கூட வருகிறேன் என்றேன். "இப்ப வேண்டாமுங்க. எனக்குத் தோணுற அன்னைக்கு நானே வர்றேன். நீங்க உக்கார வெக்காம இருந்தாச் சரி" என்று சொல்லி மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

5

பட்டியலைக் கொடுப்பதற்காக இரண்டு சபையும் சேர்ந்த கூட்டம். கன்னடத்தில் பேச வேண்டும். இருபத்தேழு வருஷக் கன்னடம் காய்கறிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதும், வேதபாடத்துக்குப் போதாது. முப்பத்தெட்டு என்று நான் வாசித்ததும் செல்வராஜ் அண்ணன் எழுந்து, மற்றவர்கள் காணப்படாத சபையில் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்க்க வேண்டும் என்றார். நான் பதில் சொல்லும்போது அந்தச் சொல்லைக் கன்னடப்படுத்தி, "காணெயாத சபெ" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. கன்னடத்தில் அதற்குக் காணாமல்போன சபை என்று அர்த்தமாம். "போலீஸ் கம்ப்ளேண்ட் கொட்டித்தீரா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். புகார் கொடுத்தாயிற்றா என்று.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் உட்காரவில்லை. தமிழிலேயே பேசினேன், ஆயர் மொழிபெயர்த்தார்.

"தப்பாச் சொல்லிட்டேன். ஆனா சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. காணப்படாத சபையைக் கடவுள் பார்த்துக்குவார். அதுல யார் இருக்கான்னு எனக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. காணாமப் போனவங்களை நாமதான் தேடணும். தேடாம அவங்க பேரை எழுதி வச்சுக்கிட்டு, காணப்படாத சபையில பத்திரமா இருக்காங்கன்னு சொல்றது நமக்குத்தான் சௌகரியம். என் மகளும் அந்தப் பட்டியல்ல இருந்தா. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ ஏன் போனான்னு போன சனிக்கிழமைதான் கேட்டேன். இந்த முப்பத்தெட்டுக்கு மேல ஒரு பேர்கூட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதி. முத்திரை குத்தினார்கள்.

மேலிடத்திலிருந்து ஒரு மாதத்தில் பதில் வந்தது. தமிழ் ஆராதனை இனி மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும். மற்ற ஞாயிறுகளில் ஒன்பது மணிக் கன்னட ஆராதனையில் கலந்துகொள்ளலாம். ஆயர் அதை வாசித்தபோது முன் வரிசையில் இரண்டு பெண்கள் அழுதார்கள். செல்வராஜ் அண்ணன் என்னைத் தாண்டிப் போனார், பார்த்தால் வணக்கமாகச் சொல்லும் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. "ஒரு கையெழுத்துல முடிச்சுட்டா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போட்டது போட்டாச்சு. அடுத்தது என்ன?" என்றார். அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து பேசியதிலேயே எனக்கு மிகவும் உதவிய பேச்சு அதுதான்.

மறுநாள் காலையிலேயே ஆயரைப் பார்க்கப் போனேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஞாயிறு பள்ளி அறையை மற்ற ஞாயிறுகளில் ஏழு மணிக்கு எங்களுக்குத் தர வேண்டும் என்றேன். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். திருவிருந்து இரண்டாம் ஞாயிறு கோயிலில் வாங்கிக்கொள்கிறோம்.

"எத்தனை பேர் வருவாங்க எஸ்தரம்மா? கமிட்டியில கேட்பாங்க."

"எண்ணிச் சொல்ல மாட்டேன் ஐயா. வர்றவங்க வருவாங்க."

அவர் யோசித்துவிட்டு, சாவியை, கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

6

முதல் ஞாயிறு ஒன்பது பேர். சின்னப் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். அடுத்த வாரம் ஆறு. மழை பெய்த ஞாயிறு நான், என் வீட்டுக்காரர், சரசு, தொண்ணூறைத் தொடும் ஒரு ஆசிரியை, நான்கே பேர். அன்றைக்கும் முழுப் பாட்டையும் பாடித்தான் முடித்தோம். ஐந்தாவது வாரம் செல்வராஜ் அண்ணன் ஆட்டோவில் ஆர்மோனியத்தோடு வந்து இறங்கினார். "தெருவரைக்கும் கேக்குது, சுருதியே இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை.

அந்த அறையில் உட்கார்ந்துதான் ஆயரின் பாடம் எனக்குப் பிடிபட்டது. இரண்டு சபை இல்லை, ஒன்றுதான். கடவுள் அதை முழுதாகப் பார்க்கிறார், நாம் அதன் ஓரத்தைப் பார்க்கிறோம். பார்க்க முடியாததைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பவர்களுக்குப் பெஞ்சைத் துடைத்துப் போடுவதும், வராதவர்களின் வீட்டுக்கதவைத் தட்டுவதும் என் வேலை. மாதம் இரண்டு வீடாவது போகிறேன். சிலர் கதவைத் திறப்பதில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, இரண்டாவது பாட்டின் நடுவில் வாசலில் ஹெல்மெட்டும் கையுமாகப் பெனிட்டா நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் என் இடத்திலேயே இருந்தேன். சரசுதான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். பெனிட்டா உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது.

சரசு தன் பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து இருவருக்கும் நடுவில் விரித்தாள். அவள் அனூரில் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவளுக்கும் தமிழ் வாசிக்க வராது. ஒன்பது வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காதால் கேட்ட எங்கள் பாட்டுகளையெல்லாம் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு இது தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது. என் மகள் அதில் விரல் வைத்து வாசித்துக்கொண்டே பாடினாள். சில இடங்களில் சரசு தப்பாகக் கேட்டு எழுதியிருந்தாள் போலிருக்கிறது, இருவரும் சேர்ந்து அதே தப்பைப் பாடினார்கள். அண்ணன் ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். திருத்தவில்லை.

முடிந்து வெளியே வந்ததும் பெனிட்டா என்னிடம் வந்தாள்.

"லிஸ்ட்ல என் பேரைத் திரும்ப எழுதிடாதே, சரியா?"

"எழுத மாட்டேன்."

"அடுத்த வாரம் வருவேன்னு நான் சொல்லலை."

"நான் கேக்கலையே."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். கேட் வரை போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்து, "எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கத்தினாள்.

"ஆறே முக்காலுக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தாள், நான்கு தடவை வரவில்லை. ஆறு தடவையும் ஆறே முக்காலுக்குத் திறந்துதான் இருந்தது.